சோதனைக்கு அப்பாவின் நம்பர்

அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் அவன்தான். அந்தத் தாளுக்குச் சட்டம் போட்ட அப்பா, அதை வீட்டில் மாட்டவில்லை. தன் மோட்டார் ரிப்பேர் கடையில் ஆணியடித்து மாட்டினார். "பையன் என்ன வேலைங்க?" என்று யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் போச்சு, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவது அரை மணி நேரம் நின்றுவிடும்.

"அவனும் நம்மள மாதிரி ரிப்பேர்தான். என்ன, அவன் கையில கிரீஸ் ஒட்டாது."

நகரத்தில் அவன் பழுது பார்த்தது, மருத்துவமனைகள் நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருளை. ஒருவருக்கு ஒருமுறை போக வேண்டிய செய்தி நாலு முறை போய்த் தொலைத்தது. 'டெட்லைன்' என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அழைக்கும் மேலாளர், அந்த வேலையை அவன் தலையில் கட்டினார். திருத்தியதைச் சோதிக்க நிஜமான நம்பர் வேண்டும். ஒரு நம்பருக்கு ஒரு நாளில் இத்தனைதான் என்ற கட்டுப்பாடு வேறு. அவன் நம்பரும் பக்கத்து நாற்காலிக்காரன் நம்பரும் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டன. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பர் அப்பாவுடையது.

ஐந்தே நிமிடத்தில் அப்பா கூப்பிட்டார்.

"தம்பி, உடனே டாக்டரைப் பாருங்கன்னு ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்குடா. நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலையே!"

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது நான்தான்ப்பா. சும்மா அனுப்பிப் பாக்கறேன். இனிமே ஆஸ்பத்திரின்னு எது வந்தாலும் கண்டுக்காதீங்க."

"உன் வேலையா? அப்ப எத்தனை வேணா அனுப்பு. போன் சும்மாதானே கிடக்கு."

அடுத்த சில நாளில் நாற்பது, ஐம்பது அனுப்பியிருப்பான். கோளாறு தீர்ந்தது, டெட்லைன் கை கொடுத்தார், அவன் அடுத்த வேலைக்குப் போனான். சோதனை முடிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை.

நாலு மாதம் கழித்து அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அம்மா விடாப்பிடியாக மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், நம்பரை எழுதிக்கொண்டார்கள். "ஏதாவது இருந்தா சொல்றோம்" என்றார்கள். போனில் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். "வேலையில இருப்பான், அவன்கிட்ட சொல்லாதே" என்று அம்மாவின் வாயையும் அடைத்துவிட்டார். ஒன்பதாம் நாள், கடையில் செம்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின், அப்பாவின் போனில் அந்தச் செய்திகளைக் கண்டுபிடித்தது அக்காதான். உடனே மருத்துவரைப் பாருங்கள். மூன்று நாளில் மூன்று முறை.

அம்மா கொதித்துப்போனாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு. "மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க, போகலை. வீம்பு! என்னை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தாரா?"

அவன் அறைக்குள் போய் மடிக்கணினியைத் திறந்தான். அந்த மருத்துவமனையும் அவர்கள் மென்பொருளைத்தான் வைத்திருந்தது. அன்றன்றைக்கு ஒரு செய்தி, ஒரே ஒரு முறை, சொன்ன நேரத்தில் போயிருந்தது. அவன் திருத்தியது பிசகில்லாமல் வேலை செய்திருக்கிறது. எத்தனையோ கோளாறுகளை எந்த வரியில் என்று சுட்டிக் காட்டியவனுக்கு, இதில் திருத்த ஒரு வரிகூட இல்லை. தப்பு அவன் வாயிலிருந்து வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. பழி போனவர் மேல் கிடக்கும். ஒரு வாரம் அப்படித்தான் கிடந்தது.

எட்டாம் நாள் காலை, அம்மா அப்பாவின் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மடித்துக்கொண்டிருந்தாள். "வீம்புக்காரர் சட்டை எவனுக்குப் பொருந்தும்?" என்று முணுமுணுத்தாள். அவன் எதிரே போய் உட்கார்ந்தான்.

"அம்மா, அப்பா மேல தப்பில்ல. கண்டுக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "இதைப் போய் அம்மாகிட்ட ஏன்டா சொன்னே, பாவி?" என்றாள்.

அம்மாவின் கை நின்றது.

"அந்த மூணு நாளும் சாப்பிட உக்காரும்போது, 'இன்னிக்கும் தம்பி அனுப்பினான்'னு சொன்னாரு. மொகமெல்லாம் சிரிப்பு. நீ ஏதோ விசாரிச்சு எழுதறேன்னு நெனச்சுட்டேன். என்னன்னு நானும் கேக்கல."

அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தான். அவள் மடித்த சட்டைகளை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

அன்று மதியம் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்தாள். "என்ன இருந்தாலும் மனுஷன் இவ்வளவு வீம்பா இருந்திருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள்.

"வீம்பெல்லாம் கிடையாது" என்றாள் அம்மா. "சொன்ன பேச்சைக் கேட்டுட்டாரு."

யார் சொன்ன பேச்சு என்று அவள் சொல்லவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த மகன் பக்கம் திரும்பவும் இல்லை.