முதல் வரியில் ஒரு மன்னிப்பு

சென்ற ஆண்டு ஜூலையில், மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது இது. விடாத மழை. பகல் இரண்டு மணிக்கே அறைக்குள் சாயங்கால வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே மோனோ ரயில் சத்தமில்லாமல் போகும். பெட்டிக்கு மூன்று பேர், நான்கு பேர், தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி. எதையாவது எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. அவர்களை எண்ணிக்கொண்டே கண் சொக்கியபோது அழைப்பு மணி அடித்தது.

எதிர் வீட்டுப் பெண். முப்பத்தெட்டு வயது, தனியாக இருக்கிறாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும் பேச்சு திருநெல்வேலிதான். போட்டோ தொழில் என்று சொல்லியிருந்தாள். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், நீங்க சர்வீஸ்ல இருக்கும்போது மனு எழுதுறதுல கெட்டிக்காரர்னு ஆன்ட்டி சொன்னாவ. எனக்கு ஒண்ணு எழுதித் தாரியளா?"

என்ன மனு என்றேன். ஒளிக்காமல் சொன்னாள். தன்னைத் தானே படம் எடுத்து, பெரியவர்களுக்கு மட்டுமான ஒரு தளத்தில் போடுகிறாள். சந்தா கட்டியவர்கள் பார்க்கிறார்கள். அந்தச் சந்தாக்காரர்கள் வந்து சேரும் வழி, சமூக வலைத்தளத்தில் அவள் வைத்திருக்கும் பக்கம். அங்கே அடக்கமான படங்கள்தான். அதில் ஒன்றை விதிமீறல் என்று நீக்கி, பக்கத்தையே பூட்டிவிட்டார்கள். பொத்தானை அழுத்தி முறையிட்டாள், மறுத்துவிட்டார்கள். இனி எழுத்தில் விளக்கம் தரலாம். அதுவும் தோற்றால் ஆறு வருஷமாகச் சேர்த்த பக்கம் போய்விடும். அதோடு பிழைப்பும்.

கட்டடத்துக் கமிட்டிக்குத் தெரிந்தால்? என் பிளட் பிரஷருக்கு இது தேவையா? உள்ளே போய் மனைவியிடம் கிசுகிசுத்தேன்.

"எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றாள் அவள், பட்டாணி உரித்துக்கொண்டே. "உங்ககிட்ட சொன்னா ராத்தூக்கம் போயிடும்னு சொல்லலை. பாவம், நல்ல பொண்ணு. எழுதிக் கொடுங்கோ."

எழுதுவதற்காக அந்தப் படத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது. கூச்சத்தோடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மழை வழியும் ஜன்னல். அதன் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஈரக் கூந்தல் ஒரு தோளில் கிடக்கிறது. இடுப்பில் சுற்றிய வெள்ளைத் துணி. கண்ணாடியில் இறங்கும் தண்ணீரின் நிழல் அவள் முதுகிலும் இறங்குகிறது. அவ்வளவுதான். என் வீட்டு ஜன்னலில் விழும் அதே வெளிச்சம். அது எங்கே முடிந்து படம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கணம் தெரியவில்லை. எண்ண வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஆனால் பேனாவை எடுத்ததும் கை பழைய வழியில் போய்விட்டது. எங்கள் ஆபீஸில் எந்த மனுவும் அப்படித்தான் தொடங்கும்: அறியாமல் நேர்ந்த பிழையைப் பெருந்தன்மையோடு பொறுத்தருள வேண்டும். தப்பு செய்தவனும் அப்படித்தான் எழுதுவான், செய்யாதவனும் அப்படித்தான். மேலே இருப்பவர் மனம் இளகினால் கோப்பு நகரும். அதற்குப் பெயர் மரியாதை. ஒன்றரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். குடும்பச் சூழல், இனி இப்படி நேராது என்ற உறுதி எல்லாம் வைத்தேன். படிக்கப் படிக்க எனக்கே கண் கலங்கியது. அவளுக்கு ஆங்கிலம் பேச வரும், இவ்வளவு நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லை. நம்பி அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மதியம் கதவு தட்டப்பட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. போனை என் முன்னால் நீட்டினாள். விதிமீறலை ஒப்புக்கொண்டதற்கு நன்றி, எங்கள் முடிவில் மாற்றமில்லை, கடைசியாக ஒருமுறை மறுபரிசீலனை கேட்கலாம் என்று இருந்தது.

"நான் எப்ப அங்கிள் ஒத்துக்கிட்டேன்?"

"அது ஒத்துக்கறது இல்லம்மா. பணிவா சொல்றது."

"யாருக்குப் பணிவு? நான் என்ன தப்பு செஞ்சேன்னு மன்னிப்பு எழுதியிருக்கிய?" போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "எங்கம்மா ஏன் இந்தத் தொழில்னு கேட்டப்பகூட நான் மன்னிப்பு கேக்கல."

உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "முப்பத்தாறு வருஷம் கும்பிட்டுக் கும்பிட்டு எழுதின கை. அதுக்கு வேற என்ன தெரியும்?"

வெளியே ஒரு மோனோ ரயில் போனது. அதில் எத்தனை பேர் என்று நான் பார்க்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது: என்ன விதி என்பதையே நான் படித்துப் பார்க்கவில்லை. தப்பு நடந்திருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பூட்டியவர்களோடு சேர்ந்து தீர்ப்பு எழுதியவன் நான்.

"உட்காரும்மா, விதியைத் திற" என்றேன்.

மூன்று பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். நான் வரிவரியாக வாசித்து அர்த்தம் சொன்னேன். எதையெல்லாம் காட்டக்கூடாது என்று விலாவாரியாக இருந்தது. முதுகு அந்த வரிசையில் இல்லை. இரண்டு தடவை படித்தேன், இல்லவே இல்லை. "முதுகு கூடாதுன்னா நம்ம ஊர்ல புடவை கட்டற அத்தனை பேரையும் நீக்கணும்" என்றாள் மனைவி. அந்த இரண்டு நாளில் முதல்முறையாக எதிர் வீட்டுப் பெண் சிரித்தாள்.

நான் பேனாவைத் தேடினேன். "வேண்டாம் அங்கிள், நானே அடிக்கேன்" என்று சொல்லிவிட்டாள். நான்கே வாக்கியம். இந்தப் படத்தில் இருப்பது நான். எனக்கு முப்பத்தெட்டு வயது. நீங்கள் மறைக்கச் சொன்ன எல்லாம் மறைந்திருக்கிறது. எந்த விதியை மீறினேன் என்று காட்டுங்கள். அடியில் ஒரு 'தயவுசெய்து' சேர்க்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அடுத்த சில நாட்கள் எதிர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றேன். ஒரு மதியம், தூக்கமும் விழிப்புமாகக் கிடந்தபோது, அவள் வந்து போனை என் கையில் வைத்தாள். பக்கம் திறந்திருந்தது. மழை ஜன்னலும், முதுகில் இறங்கும் நிழலும் இருந்த இடத்திலேயே இருந்தன. காரணமும் சொல்லவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை அவர்கள்.

"பாருங்க, அவங்க மன்னிப்பு கேக்கல" என்றாள். "ஸ்வீட் வாங்கியாரேன். ஆன்ட்டிக்கு சுகர் இல்லாதது."

எனக்கு எழுபத்தெட்டு ஆகிறது. இப்போதும் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியில் கை தானாக மன்னிப்பைத் தேடிப் போகிறது. அதைப் பிடித்து நிறுத்தி, எதற்கு என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் எழுதத் தொடங்குகிறேன்.