கண்ணுக்குக் கிடைத்த லீவு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை. தையல் ஒரு நூல் விலகினாலும், இடதுக்கும் வலதுக்கும் நிறம் சற்றே மாறினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். ஷிப்மென்ட் நெருங்கினால் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் துரத்தும். கொடுமை என்னவென்றால், வீட்டுக்கு வந்த பிறகும் என் கண்ணுக்கு ஷிஃப்ட் முடியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டேன். அவர் ஷூவில் பசை கசிந்திருப்பதைப் பார்ப்பேன். பஸ்ஸில் எதிரே இருப்பவரின் செருப்பை மனசுக்குள் ரிஜெக்ட் செய்வேன். தலைவலி மாத்திரை கைப்பையிலேயே குடியிருந்தது.

“உன்னோட ஒரே பேஜாராப் போச்சு, கெளம்பு” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சோளிங்கர் மலைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டுப் படியேறினோம். பாதி மலையில்தான் எனக்கு உறைத்தது: ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், எல்லாரும் வெறுங்கால். குறை சொல்ல ஒரு தையல்கூட இல்லை. வேறு வழியில்லாமல் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கணவர் கையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கியபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்து வீட்டு வாசலை மிதித்ததும் அவர் என் காலைப் பார்த்தார். “இன்னாம்மா இது?”

இடது காலில் என் பழுப்புச் செருப்பு. வலது காலில் யாருடையதோ கறுப்பு, அதுவும் ஒரு சைஸ் பெரிசு. இரண்டு பஸ் மாறி வந்தும் எனக்குத் தெரியவே இல்லை.

என் வலது செருப்போடு இன்னொருத்தியும் அன்றைக்கு இதே நிம்மதியில்தான் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.