சங்குப்பூ வேலிக்குப் பின்னிருந்த சுவர்

தேரேறி வந்து மாத்தளை மண்ணைக் காக்கும் தாயே, உன் திருவடி முன் பொய் கலவாது எழுதும் நெஞ்சை எனக்குத் தந்தருள்வாய்.

இன்று மாசி மகத் திருநாள். அன்னையின் தேர்வடம் தொட்டு வணங்கி, உக்குவளைக்குத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். கார்த்திகையில் நடந்ததை இதுநாள்வரை மனத்திலேயே வைத்திருந்தேன். இனியும் வைத்திருந்தால் பாடும் வாய் பழுதாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு வில்வ மரம் உண்டு. அதன் அடியில் வேல் நாட்டி, நாள்தோறும் காலையில் பதிகம் பாடி வழிபடுவேன். அங்கிருந்து நிமிர்ந்தால் முன்பெல்லாம் மேட்டு நிலத்துப் பாக்கு மரங்களும் அவற்றுக்கு அப்பால் மலையும் தெரியும். மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் அந்த மேட்டை வாங்கினார். சரிவை வெட்டி, எட்டடி உயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பி, அதன் விளிம்பிலேயே வீட்டைக் கட்டினார். வீதியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அழகான வீடு. எங்களுக்கு வாய்த்ததோ அதன் முதுகு: பூசாத சிமெந்துக் கற்கள், கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, மேல்மாடிக்கென நீட்டிவிட்ட துருக்கம்பிகள். ஆறுமுகனைப் பாடி முடித்துக் கண் திறந்தால் கழிவறைக் குழாய் எதிரே நிற்கும்.

அதை மறைக்க எண்ணினேன். சென்ற ஆண்டுத் தைப்பூசத்தன்று, வேலிக்கு நடும் கிளிசரிடியாக் கம்புகளைச் சுவரோரமாக வரிசையாக நட்டேன். சுவருக்கும் கம்புகளுக்கும் நடுவே, தண்ணீர்க் குடத்துடன் நான் நுழையும் அளவு இடைவெளி விட்டேன். கம்புகளில் ஏறுவதற்கு நீலச் சங்குப்பூக் கொடியை வைத்தேன். மறைப்புக்கு மறைப்பு, பூசைக்குப் பூ.

ஒன்றுதான் உறுத்தியது. சுவரின் அடியில் ஐந்து பிளாஸ்டிக் குழாய்கள் வாய் திறந்திருந்தன. மழைநாட்களில் அவற்றிலிருந்து சிவந்த நீர் வடிந்து கொடிகளின் வேரில் பாயும். மேலே குளியலறை இருக்கிறது. ஆகவே அது குளித்த நீர் என்று முடிவு செய்தேன். அந்நீர் குடித்த செடியில் பூத்த பூவை இறைவன் திருவடியில் எப்படி இடுவது? சிமெந்து குழைத்து ஐந்து குழாய்களையும் அடைக்க ஆயத்தமானேன்.

"ஏங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அடைங்களேன்," என்றாள் மனைவி.

"சாமி பூவுக்கு யாரக் கேக்கணும்?" என்றேன்.

"சாமியக் கேக்க வேணாம். சுவத்துக்காரரக் கேளுங்க."

கேட்கவில்லை. அன்று மாலைக்குள் ஐந்தையும் அடைத்து முடித்தேன்.

கம்புகள் தளிர்த்தன, கொடி ஏறியது. ஆடி பிறப்பதற்குள் சுவர் மறைந்தது; புரட்டாதியில் வீடும் மறைந்தது. வேண்டியதை ஈந்தான் என்று உருகிப் பாடினேன். ஒருநாள் இலைகளுக்கு மேலிருந்து வியாபாரியின் குரல் மட்டும் வந்தது.

"ஐயா! எங்கள ஒரேயடியா மறைச்சிப்புட்டீங்களே! நாங்க அவ்ளோ அசிங்கமாவா இருக்கோம்?"

"நீங்க இல்ல, உங்க தண்ணித் தாங்கிதான்," என்றேன்.

அவர் உரக்கச் சிரித்தார். தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருக்கிறாள் என்றும், காற்றோட்டத்துக்காகப் பின்னறையை அவளுக்கு ஒதுக்கியிருப்பதாகவும் சொன்னார். பின்னறை அந்தச் சுவரின் விளிம்பில் இருந்தது. ஐப்பசி முடியுமுன் இலைகளுக்கு அப்பால் குழந்தையின் அழுகை கேட்டது.

கார்த்திகை மழை ஒன்பது நாள் விடாமல் பெய்தது. தோட்டமெங்கும் கால் புதைந்தது. ஆனால் வேலியோரத்து மண் மட்டும் கெட்டியாக இருந்தது. மேட்டிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடைத்தது நல்லதாயிற்று என்று எண்ணிக்கொண்டேன். நடுவில் இருந்த கம்புகள் என் பக்கம் சாய்ந்திருந்தன. காற்று என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் காலையில் மழை சற்று ஓய்ந்தது. பின்பக்கத்துப் பூக்களைப் பறிக்க வழக்கம்போல் வேலிக்கும் சுவருக்கும் நடுவே நுழையப் போனேன். நுழைய முடியவில்லை. தோளைத் திருப்பி, மூச்சை அடக்கிப் பார்த்தேன், அப்போதும் முடியவில்லை. கொடியை விலக்கியபோது சுவர் என் முகத்தருகே இருந்தது. நிறைமாதக்காரியின் வயிறு போல அது முன்தள்ளி, கம்புகளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அதன் குறுக்கே விரல் நுழையும் அளவு பிளவு ஓடியிருந்தது. உள்ளங்கையை வைத்தேன், கல் குளிர்ந்திருந்தது. காதை வைத்தேன். உள்ளே எங்கோ சிறு கல் ஒன்று உருண்டு நின்றது.

வடிந்தது குளித்த நீர் அன்று. மண் தாங்காத மழைநீர் வெளியேற விட்ட வழி அது. அந்த வழியைத்தான் நான் அடைத்திருந்தேன். தலைக்கு மேலே குழந்தை தும்மியது.

வீதி வழியே சுற்றிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். வியாபாரி வாசலில் கராம்புச் சாக்குகளை மூடிக்கொண்டிருந்தார்.

"மகளையும் புள்ளையையும் இப்பவே வெளிய கொண்டு வாங்க. பின்சுவரு தள்ளிக்கிட்டு நிக்குது."

உள்ளிருந்து அவருடைய மனைவி வந்தார். "என்னங்கய்யா சொல்றீங்க? புள்ள பெத்த நாப்பது முடிய இன்னும் ஏழு நாளு கெடக்கு. பச்ச ஒடம்புக்காரிய இந்த ஈரத்துல எங்க கொண்டு போறது? மழ விடட்டும், சுவரு கட்டுற மேசன் பாஸக் கூப்புட்டுக் காட்டுவோம்."

வியாபாரியும் தலையசைத்தார். "நல்ல கல்லுச் சுவருங்கய்யா. தண்ணி போகக் குழாயெல்லாம் வச்சித்தான் கட்டினது. பயப்புடாதீங்க."

அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"கொழாய நான் அடைச்சிட்டேன். அஞ்சையும். சிமெந்து வச்சி. தை மாசமே."

"நீங்களா?" என்றார். சாக்கு அவர் கையிலிருந்து சரிந்தது. "எதுக்குங்கய்யா?"

"பூவுக்கு."

அவர் மனைவியிடம் திரும்பி, "புள்ளையத் தூக்கு," என்றார். மனைவி குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்தார். தலை முதல் கால்வரை போர்த்திய மகளை இருவரும் அணைத்து வந்து த்ரீவீலரில் ஏற்றினார்கள். வண்டி பலாபத்வலயிலிருந்த உறவினர் வீட்டுக்குப் போயிற்று. எங்கள் வீட்டுக்கு அழைக்க வாய் வரவில்லை. அதுவும் அந்தச் சுவரின் கீழேதான் இருந்தது.

அடைப்பை உடைக்கக் கடப்பாரையுடன் இறங்கினேன். அதற்குள் வந்து சேர்ந்த மேசன் பாஸ் மேலிருந்தே கத்தினார். "அதுக்கு முன்னால நிக்காதீங்க! இப்பத் தொறந்தா உங்க மேலதான் வரும். வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு வாங்க!"

பிற்பகலில் மீண்டும் மழை பிடித்தது. குடைகளின் கீழ் வீதியில் நின்றோம். பேரோசை எழும் என்று எதிர்பார்த்திருந்தேன். நீண்ட பெருமூச்சுப் போன்ற ஒன்றுதான் கேட்டது. சென்று பார்த்தபோது சுவரும் வேலியும் இல்லை. பின்னறையின் பாதித் தரை அந்தரத்தில் நின்றது. மறுபாதி எங்கள் வில்வத்தின் இடுப்புவரை சேறாகக் கிடந்தது. அதில் தொட்டில் துணியின் ஓரம் தெரிந்தது. வியாபாரி இறங்கிப் போய் அதை இழுத்தெடுத்து, பிழிந்து, மடித்துக்கொண்டு மேலேறினார்.

எஞ்சிய வீட்டில் விரிசல் இன்னும் நீள்கிறது. அதிகாரிகள் வந்து சிவப்பு நாடா கட்டிச் சென்றிருக்கிறார்கள். வானம் இருண்டால் நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறிடம் போகிறோம். மேலே அந்த வீட்டின் மூலையில் நின்றிருந்த ஒரு தூண் சென்ற வாரம் வெயிலிலேயே சரிந்தது.

தைப்பொங்கல் கழிந்தபின் பலாபத்வலவுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்தார். வெறும் கோப்பைகளை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் மன்னிச்சிருவேங்கய்யா. நீங்க மறைக்காம வந்து சொன்னீங்க. மகதான்… இங்கயும் ஒரு தூறல் விழுந்தா புள்ளையத் தூக்கிக்கிட்டு வாச முத்தத்துக்கு ஓடுறா. நனைஞ்சுக்கிட்டே நிக்கிறா. உள்ள வான்னாலும் வரமாட்டா."

அந்த முற்றத்தைக் கடந்துதான் வீதிக்கு வந்தேன்.

இதைப் படிக்கும் அன்பர்காள், உங்கள் கூரையின் கீழ் உறங்கும் குழந்தைகள் நலமே விழித்தெழுக. அயலார் சுவர் உங்களாலும், உங்கள் சுவர் அயலாராலும் நிலைபெறுக. அன்னை அருள் அனைவரையும் சூழ்க.