ஓடை எந்த அரசுக்குச் சொந்தம்?

சட்டமன்றக் குழு ஊருக்கு வருகிறதென்றால் நாற்காலி போடவும், கூட்டத்தை வரிசையில் நிறுத்தவும், எல்லாரிடமும் ஏச்சு வாங்கவும் வருவாய்த்துறையில் ஓர் உதவியாளர் வேண்டும். எங்கள் பக்கத்தில் அது நான். “அடுத்த மேசையில கேளுங்க” என்ற பதிலை ஒரு தடவையாவது வாங்கியவர்கள் நீங்கள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கும் அது வலிக்கத்தான் செய்யும்.

மூன்று மேசைகள்

மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என மூன்றுக்கும் நடுவில் சிக்கிக்கிடக்கும் விவகாரங்களைக் கேட்டு ஆலோசனை சொல்வது இந்தக் குழுவின் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். மனு வாங்க அரசுக்கு ஒன்றாக மூன்று மேசை போட்டிருந்தோம்.

வன்னியம்பட்டி விவசாயி ஒருவர் வந்தார். கிணற்றுக்குப் போகும் வண்டிப்பாதையைப் புதுச்சாலைச் சுவர் மறித்துவிட்டதாம். முதல் மேசை இரண்டாவதைக் காட்டியது. இரண்டாவது மூன்றாவதை. மூன்றாவது மறுபடியும் முதல் மேசைக்கே அனுப்பியது. அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்து மூன்று மேசையும் காலி. அவர் என்னிடம் சொன்னார்: “ஓட்டு கேட்டு வாரப்ப மட்டும் வழி தப்பாம எங்க வீட்டுக்கு வந்துருதாக. நாங்க வந்தா வேற மேசைங்காக.”

டிரைவரின் சந்தேகம்

மறுநாள் கூட்டம் ராஜபாளையத்தில். ஜீப்பில் போகும்போது எங்கள் டிரைவர், குழு சொன்னால் அரசு செய்தே ஆக வேண்டுமா என்று கேட்டார். இல்லை, இது ஆலோசனைக் குழு, பரிந்துரைதான் செய்யும் என்றேன். கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்: “அப்ப எங்க வீட்டுல நான் பேசுத பேச்சு மாதிரின்னு சொல்லுங்க சார்.”

மூவருக்கும் சம்மதம்

அன்று வந்தவர்தான் சுப்பையா. கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்துச் சிற்றூர்க்காரர். அந்த ஊரிலிருந்து ராஜபாளையம் மில்லுக்கு வேலைக்குப் போகும் பெண்களை வேன் ஓடைக்கு இக்கரையிலேயே இறக்கிவிடும்; ஊர் அக்கரையில். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், இறங்கி ஓடையைக் கடந்த அவருடைய மூத்த மகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இப்போது இளையவள் அதே மில்லுக்கு அதே ஓடையைக் கடந்து போகிறாள். ஒரு சிறு பாலம் வேண்டும் என்பதுதான் மனு.

கரை வனத்துக்குள் வருவதால் மத்திய அனுமதி வேண்டும். ஓடை மாநிலத்துடையது. பாதை ஊராட்சியுடையது. குழுத் தலைவர் மூன்று தரப்பையும் கேட்டார். மூவரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, “எங்களுக்கு ஆட்சேபனை இல்லை” என்றார்கள். மண்டபமே கைதட்டியது, நானும் தட்டினேன். சுப்பையா மட்டும் மைக்கை விடாமல் நின்றார். “அம்புட்டுப் பேருக்கும் ஆட்சேபனை இல்லைன்னா, இத்தன வருசமா கட்ட விடாம தடுத்தது யாருய்யா? ஓடையா?”

பாதை இருக்கிறது

இடத்தை நேரில் பார்ப்பதென்று குழு முடிவு செய்தது. சட்டமன்றம் கூடாத நாள் பார்த்துத்தான் வர முடியும். அது நல்ல வெயில் காலமாக அமைந்தது. ஓடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, போகட்டும், கல்லையும் குழியையுமாவது பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டு முன்கூட்டியே போனேன்.

போய்ப் பார்த்தால் கல்லும் இல்லை, குழியும் இல்லை. ஊரே சேர்ந்து கல்லைப் பொறுக்கி, குழியை மூடி, கரைக்குக் கரை சரளை மண் கொட்டிப் பாதை போட்டிருந்தது. சுப்பையா மண்வெட்டியோடு நின்றார். இளையவள் புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். குழுவின் கார்கள் வந்து, குலுங்காமல் அக்கரை போயின. எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். “நல்ல பாதைதானே இருக்கு?” என்று ஓர் உறுப்பினர் கேட்க, வந்தவரை எதிர்த்துப் பேசக் கூடாதே என்று சுப்பையா கும்பிட்டபடி, “ஆமாங்கய்யா” என்றார். இது நேற்றுப் போட்ட பாதை என்று நான் குழு அதிகாரியிடம் இரண்டு தடவை சொன்னேன். கண்ணால் பார்த்ததைத்தான் குறிக்க முடியும் என்றார் அவர்.

‘பயன்பாட்டில் உள்ள பாதையைப் பராமரித்தால் போதுமானது’ என்று பரிந்துரை வந்தது. ஐப்பசியின் முதல் வெள்ளத்திலேயே அந்தப் பாதை போய்விட்டது. விவரம் சொல்லப் போனபோது சாயங்காலம். மழை விட்டிருந்தது, தண்ணீர் விடவில்லை. சுப்பையா கயிற்றை மரத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு, மகள் வரும் வேனுக்காகக் கரையில் நின்றிருந்தார். பரிந்துரையைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தே சொன்னார்: “வாரவிய காலு நோவக் கூடாதுன்னுதான்யா போட்டோம். கல்லும் குழியுமா அப்படியே விட்டிருந்தா, எம்புள்ளைக்கு ஒரு பாலம் வந்திருக்குமோ?”

வருகிறவருக்காக வாசலைக் கூட்டி வைக்கிற சனங்களிடம், குழு வரும் நாளில் மட்டும் கூட்டாமல் விடுங்கள் என்று சொல்லிக்கொடுக்க, மூன்று அரசிலும் ஒரு துறை கிடையாது.