கல்லறைக்குப் பக்கத்தில் எத்தனை பேர்

கடலூர் பழைய நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் கூர்நுனிக் கல்லறை ஒன்று இருக்கிறது. புகைப்படம் வந்த புதிதில் யாரோ அதைப் படம் பிடித்திருக்கிறார்கள். உயரம் தெரிவதற்காகக் காவல்காரனையும் அவன் மனைவியையும் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். படத்தில் அவள் தெளிவாக விழுந்திருக்கிறாள். அவன் முகத்தில் மட்டும் ஏதோ கலங்கல்.

என் மச்சினனுக்கு அந்தப் படத்தின்மேல் பித்து. மறுநாள் கல்லறையைச் சுற்றி மராமத்துக்குச் சாரம் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அதற்குள் அதே இடத்தில், அதே பழைய முறையில் ஒரு படம் எடுத்தே தீருவேன் என்று சிதம்பரத்திலிருந்து எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். காவல்காரனுக்கும் மனைவிக்கும் பதிலாக நானும் என் மனைவியும்.

ஃபிலிமுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகடு; அதில் மருந்தை அவனே ஊற்றுவான். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். அந்த வெயிலில் ஐந்து நிமிஷம் தாங்காது. கொண்டுவந்த மூன்று கண்ணாடிகளில் இரண்டு வீணாகிவிட்டன. கடைசியைக் கேமராவுக்குள் செருகியபோதுதான் எண்ணிப் பார்த்தேன். நான், என் மனைவி, கல்லறைக்குள் படுத்திருப்பவர்.

“மூணு பேரா நிக்கிறோமே,” என்றேன்.

மூன்று பேராகப் படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் கல்யாணத்தில்கூட நாலாவது ஆளை இழுத்து வந்து நிறுத்துவார்கள்.

“மாமா, மருந்து காயுது. செத்தவர எதுக்குச் சேத்துக்கிறீங்க?”

“படத்துல அவரும்தான மச்சான் இருக்காரு.”

நான் விலகி வந்துவிட்டேன். அவன் அழுதுவிடுவான்போல இருந்தது. என் மனைவி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“எண்ணுறதுதான் எண்ணுறீங்க, ஒழுங்கா எண்ணுங்க. கல்லுல எத்தன பேருன்னு படிச்சிட்டு வாங்க.”

குனிந்து படித்தேன். ஒரு கப்பல் தலைவர். அவர் பெயருக்குக் கீழே அவர் மனைவி. ஆக நாலு. வேகமாக வந்து நின்றுகொண்டேன்.

“பத்து எண்ணுற வரைக்கும் அசையாதீங்க,” என்று கேமரா மூடியைக் கழற்றினான்.

பிறகு கார் டிக்கியில் கட்டியிருந்த கறுப்புத் துணிக்குள் புகுந்து, கண்ணாடியைக் கழுவி எடுத்து வந்தான். கல்லறையின் விரிசல்கூடப் படத்தில் விழுந்திருந்தது. என் மனைவி அப்படியே இருந்தாள். எனக்கு வாய் இருந்த இடத்தில் புகை.

“மனசுக்குள்ள எண்ணக் கூடாதா மாமா?”

“இருக்கட்டும்டா,” என்றாள் அவள். “வாயில்லாம ஒரு படம் வீட்டுல இருந்தா நல்லதுதான்.”

பழைய படத்தை அவனிடமிருந்து வாங்கி, கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். காவல்காரனுக்கும் கலங்கியிருந்தது வாய்தான்.