சம்பந்தி கையில் ரிமோட்

இரும்புக் கிடங்கில் கிரேன்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கூண்டில் உட்கார்ந்து, லாரி நீளத்துக் கம்பிக் கட்டுகளைத் தூக்குவார். தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோலக் கீழே இறக்குவார். பாரம் எந்தப் பக்கம் சாயப் போகிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும்.

அந்த விரல்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடப் போகும். பாறை ஏறும் ரிமோட் வண்டி ஒன்று வைத்திருந்தார். ஒரு கொழுத்த பூனை அளவு இருக்கும். பறக்கிற ஜாதியில்லை, ஆமைபோல ஊர்ந்து, செங்குத்தான கல்லில் தொற்றி ஏறுவதுதான் அதன் வேலை. வாங்கும்போது பேட்டரி பின்பக்கம் மேலே இருந்தது. மேட்டில் ஏறினால் பாரமெல்லாம் பின்சக்கரத்துக்குப் போய், முன்சக்கரம் கல்லை விட்டுக் கிளம்பி, வண்டி மல்லாந்துவிடும். அவர் பேட்டரித் தட்டைக் கழற்றி, முன் அச்சுக்கு மேலே, முடிந்தவரை தாழ்வாகப் பொருத்தினார். அதில் அடங்குகிற சின்ன பேட்டரியாகப் பார்த்துப் போட்டார். ரொம்பவும் முன்னால் தள்ளினால் இறக்கத்தில் குப்புற விழும். அதனால் நகத்தளவு முன்னே, நகத்தளவு பின்னே என்று ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார்.

"கட்டின பொண்டாட்டி சாப்ட்டாளான்னு பாக்க நேரமில்ல. அது குனிஞ்சு நிக்குதா நிமிர்ந்து நிக்குதான்னு தரையில படுத்துப் பாக்குறாரு" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்புறம் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேநீர்த் தம்ளரில் தெரிந்தது. பிறகு சட்டைப் பொத்தானில். "உயிருக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா முழுசா போகாது. மாத்திரை கொஞ்சம் அடக்கி வைக்கும், அவ்வளவுதான்" என்றார் மருத்துவர். கிடங்கில் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். வாசலில் லாரிகளைச் சரிபார்த்துக் கதவு திறந்துவிடும் வேலை கொடுத்தார்கள். உள்ளே புதிய ஆள் கம்பிக் கட்டைத் தடாலென்று போடும்போதெல்லாம் வாசலில் இவர் பல்லைக் கடித்துக்கொள்வார். வண்டியும் கைவிட்டுப் போனது. ரிமோட்டின் விசையை அவர் விரல் இழுத்தால், அது விக்கல் எடுத்தவன்போலத் துள்ளியது. பீரோமேல் ஏற்றி வைத்துவிட்டார்.

அதைச் சம்பந்தி பார்த்துவிட்டார். மகளின் மாமனார், பேருந்துப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனம், தகர டப்பா குரல். ஓடுகிற பேருந்தை விசிலடித்து நிறுத்திப் பழகியவர், ஓய்வுக்குப் பிறகு நிறுத்த ஒன்றுமில்லாமல் வீட்டில் எல்லோரையும் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இதை எதுக்கு சம்பந்தி தூசி தின்ன விட்டிருக்கீங்க? உங்க கை போனா என்ன, என் கை இல்லையா? நீங்க சொல்லுங்க, நான் ஓட்டறேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல், பழகிப் பார்க்கிறேன் என்று வண்டியைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார். பெண்ணைக் கொடுத்த இடம். வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிறு காலை மகள் போன் செய்தாள். "அப்பா, மாமா உங்களுக்காக வண்டியில என்னமோ மாத்தியிருக்காரு. வாரம் பூரா அதே வேலை. ரொம்ப ஆசையா செஞ்சிருக்காருப்பா. எதுவும் சொல்லிடாதீங்க."

"நான் என்னம்மா சொல்லப் போறேன்" என்றார்.

ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன கல்குவாரிக்குப் போனார்கள். சம்பந்தி பையைத் திறந்தார். கிரேன்காரர் குனிந்து பார்த்தார். முன்தட்டு காலி. செங்கல் மாதிரி ஒரு பெரிய பேட்டரி வண்டியின் பின்பக்கம், உச்சியில், பட்டி போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"உங்க சின்ன பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடுது. இது பொழுது சாயற வரைக்கும் ஓடும்! முன்னாடி அடங்கல. அதான் பின்னாடி. மாட்டறதுக்கும் சுலபம். எப்படி?"

"நல்லா... உறுதியா கட்டியிருக்கீங்க."

வண்டி முதல் பாறையில் பாதி ஏறியது. முன்சக்கரங்கள் கும்பிடுவதுபோல மேலே எழும்பின. மல்லாந்து விழுந்து, நான்கு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுழன்றது.

"டயர் சரியில்ல" என்றார் சம்பந்தி.

மறுபடி ஏற்றினார். மறுபடி மல்லாந்தது.

"முன்னாடி கொஞ்சம் பாரம் இருந்தா..." என்று கிரேன்காரர் இழுத்தார்.

"பஸ்ல என்ஜினே பின்னாடி இருக்கு சம்பந்தி. மலைமேல ஏறலையா? நான் எத்தனை வருஷம் போயிருக்கேன்!"

அதற்குக் கிரேன்காரரிடம் பதில் இருந்தது. ஆனால் காலையில் மகள் பேசிய குரலும் காதிலேயே இருந்தது. மென்று விழுங்கினார். வண்டி மூன்றாம் முறை விழுந்தபோது மேல்கூடு விரிசல் விட்ட சத்தம் கேட்டது. அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஒரு நிமிஷம் எங்கிட்ட குடுங்க" என்று வாங்கி, மடியில் வைத்து, பட்டியை அவிழ்க்கப் பார்த்தார்.

விரல்கள் பட்டியைத் தொட்டன, நழுவின, தொட்டன, நழுவின. ஒயரின் முனையைப் பிடித்து இழுக்க முடியவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமல் அதோடு போராடிக்கொண்டிருந்தார். சம்பந்தி பக்கத்தில் வந்து குந்தினார். அந்தத் தகரக் குரல் எங்கோ போயிருந்தது.

"விடுங்க. நான் அவுக்கறேன். எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னார். பெரிய பேட்டரி தட்டில் அடங்காமல் முன்னால் துருத்திக்கொண்டுதான் நின்றது. ஆனாலும் வண்டி இந்த முறை பாறையை உடும்பாகப் பற்றி ஏறியது. சம்பந்தி குழந்தைபோலக் கத்தினார். உச்சியில் ஒரு விளிம்பு. முன்சக்கரம் அதில் ஏறிவிட்டது, பின்சக்கரம் அந்தரத்தில். விசையை விட்டாலும் விழும், இழுத்தாலும் விழும். நடுவில் பிடித்து நிறுத்த வேண்டிய இடம் அது.

"இப்ப என்ன பண்ணணும்? சொல்லுங்க சம்பந்தி, சீக்கிரம்!"

"கொஞ்சம் குடுங்க... இல்ல, அவ்வளவு இல்ல... அதைவிடக் கொஞ்சம்..."

"எவ்வளவு?"

கிரேன்காரர் வாயைத் திறந்தார். எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது கையில் இருந்தது, வாய்க்கு வரவில்லை. அவருடைய ஆள்காட்டி விரல் காற்றில் இல்லாத ஒரு விசையை இழுத்து, நடுங்கி, மறுபடி இழுத்தது. சம்பந்தி அந்த விரலைப் பார்த்தார், அதைப் பார்த்துத் தானும் இழுத்தார். வண்டி எகிறி, பக்கவாட்டில் சரிந்து, கல்லுக்குக் கல் மோதிக்கொண்டு அடிவரை உருண்டது.

கீழே போய் எடுத்தார்கள். முன் அச்சு முறிந்திருந்தது.

"என்னாலதான். எனக்கு அந்தப் பக்குவம் இல்ல" என்றார் சம்பந்தி.

"இல்ல சம்பந்தி, எனக்குத்தான் சொல்லத் தெரியல."



சம்பந்தி பாகம் வாங்கி, தானே வண்டியைச் சரிசெய்தார். இனிமேல் பாறை வேண்டாம், பூங்காவிலேயே ஓட்டலாம் என்றும் அவரே முடிவு செய்தார். சமதரைதானே, பேட்டரி மறுபடி பின்னால், உச்சிக்குப் போனது. கிரேன்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, மாமா இப்பல்லாம் வீட்ல யார்மேலயும் எரிஞ்சு விழறதே இல்ல. ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு காத்துக்கிட்டிருக்காரு. நீங்க மட்டும் போகாம இருந்துடாதீங்க" என்றாள் மகள்.

"போறேம்மா."

"போய்த்தான் ஆகணுமா?" என்று மனைவி கேட்டாள். அவளுக்கு அவர் முகம் தெரியும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பூங்காவின் சரளைக்கல் பாதையில் வண்டி நன்றாகவே ஓடியது. நடைபாதை ஓரத்துச் சின்னத் திட்டில் ஏறி இறங்கியது. நடந்து போன இரண்டு பேர் நின்று கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா சம்பந்தி, ஏறிடுச்சு!"

"பாத்தேன்."

"நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு" என்றார் கிரேன்காரர்.

சம்பந்தி அடுத்த திட்டைக் காட்டிவிட்டு ரிமோட்டோடு முன்னால் நடந்தார். இவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.