நாத்தனாருக்குத் தைத்த போர்வை

கமலவேணி தைத்த ரவிக்கையைக் குறை சொன்னவர்கள் பிள்ளையார்பாளையத்தில் கிடையாது, அவள் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி அவளுடைய நாத்தனார் கிருஷ்ணவேணி. கல்யாணமான மறு வருஷமே புருஷனை இழந்து தம்பி கண்ணாயிரத்தின் வீட்டோடு வந்துவிட்டவள். தம்பி பட்டுத் தறியில் உட்கார்ந்தால் இவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுப்பாள். கை ராட்டையில் இருக்கும், கண் மட்டும் தம்பி பெண்டாட்டியின் தையல் மெஷினை விட்டு நகராது. கழுத்து இறங்கிவிட்டது, பொத்தான் காஜா பெரிதாகிவிட்டது என்று காலைக் காபி ஆறுவதற்குள் ஏதாவது ஒன்று சொல்லியாகவேண்டும்.

ஒருமுறை குழந்தை கவுன் ஒன்றுக்குப் பை வைத்தபோது, சீட்டித் துணியிலிருந்த கிளிகள் பையில் மட்டும் தலைகீழாக விழுந்துவிட்டன.

"துணிக்குத் தலை எது கால் எதுன்னு பாக்கமாட்டியா? அந்தக் கிளி உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று ஆரம்பித்தவள், பிரித்துத் தைத்த பிறகுதான் ஓய்ந்தாள். கமலவேணி முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள். நாத்தனார் சொன்னது சரி என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் கிருஷ்ணவேணி குழாயடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்கக்கூடாது, புரளக்கூடாது, மல்லாந்தே கிடக்கவேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தறிக்கும் சுவருக்கும் நடுவில் நாடாக்கட்டிலைப் போட்டு, காலின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்தார்கள். குளிப்பாட்டுவதிலிருந்து மலம் எடுப்பது வரை எல்லாம் கமலவேணிதான் செய்தாள். அதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. கிருஷ்ணவேணியின் வாய் நின்றுவிட்டது. உப்பில்லாத ரசத்தை ஊற்றினால், "நல்லா இருக்குது" என்றாள். குழைந்துபோன சோற்றையும் அப்படியே சொன்னாள். கமலவேணிக்குச் சந்தேகம் வந்து, ஒரு ரவிக்கைக்கு வேண்டுமென்றே கையை மாற்றி வைத்து எடுத்துப்போய்க் காட்டினாள்.

"நல்லா இருக்குதும்மா" என்றாள் கிருஷ்ணவேணி.

கமலவேணி தோட்டத்துப் பக்கம் போய்ச் சற்றுநேரம் நின்றுவிட்டு வந்தாள். பிறகு புருஷனைத் தனியே கூப்பிட்டு, "உங்க அக்கா பொழைக்கமாட்டாங்க போல இருக்குது" என்றாள்.

"எலும்பு கூடிக்கினு வருதுன்னு டாக்டர் சொன்னாரே" என்றான் கண்ணாயிரம்.

"எலும்பு கூடும். மனுஷி இருக்கணுமே."

மார்கழி பிறந்தது. கம்பளி உடம்பை அரிக்கிறதென்று நாத்தனார் சொல்லவில்லை. கழுத்தில் தடிப்பைப் பார்த்துக் கமலவேணியே தெரிந்துகொண்டாள். வேறு போர்வை தைக்க, வெட்டி மிஞ்சிய சீட்டித் துண்டுகளையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினாள். கிளி போட்டது, யானை போட்டது, மாட்டுவண்டி போட்டது, தண்டோடு தாமரை போட்டது. இந்த மாதிரித் துணியில் இதுதான் தொல்லை. கட்டமும் புள்ளியும் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். யானைத் துண்டை இடத்துக்குப் பொருந்துகிறதே என்று குறுக்கே வைத்தால் யானை படுத்துவிடும். அதனால் நீளம் போதாத இடங்களில் இரண்டு துண்டுகளை ஒட்டுப் போட்டுச் சேர்த்தாள். ஒரு கிளிகூடச் சாயாமல், எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து நிற்கும்படி வரிசைப்படுத்தினாள். அந்தத் தலைப் பக்கத்தில், முகவாயில் படும் ஓரத்துக்கு மட்டும் மெல்லிய வெள்ளைத் துணியில் அகலமாக ஒரு பட்டை வைத்தாள். இதைப் பார்த்தாவது நாத்தனார் ஏதாவது சொல்லமாட்டாளா என்று ஆசை. திட்டினால்கூடப் போதும் என்றுதான் இருந்தது அவளுக்கு.

பார்க்க வந்தவர்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துப் பார்த்து மெச்சினார்கள். யானை நடக்கிற மாதிரியே இருக்கிறது என்றார்கள். கிருஷ்ணவேணி, "நல்லா இருக்குது" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கமலவேணிக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று.

பொங்கல் கழிந்ததும், கொஞ்சநேரம் உட்கார வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தொய்ந்துபோன கட்டில் நாடாவை அந்தச் சமயத்தில் இழுத்துக் கட்டினாள் கமலவேணி. சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தானே ஏறிப் படுத்து, தலையணையில் தலையை வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

யானைகள் நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தன. மாட்டுவண்டிகள் குடைசாய்ந்து சக்கரம் வானத்தைப் பார்த்தது. கிளிகள் வௌவால் மாதிரித் தொங்கின.

"அண்ணி, இது அத்தனையும் தலைகீழா இருக்குதே."

"ஆமா."

"தெச்சதுலேர்ந்து இப்படித்தான் பாத்துக்கினு இருந்தீங்களா? ஏன் சொல்லலை?"

கிருஷ்ணவேணி தரையைப் பார்த்தாள். "விடிஞ்சா என் பீத்துணியை அலசுற. அந்தக் கையால தெச்சிக் குடுத்ததை எந்த மூஞ்சை வெச்சிக்கினு குறை சொல்றது?"

கமலவேணிக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம் வந்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

"துணி அலசுனா வாயைக் கட்டிக்கணும்னு யாரு சொன்னா? நீங்க சொல்லாம, நான் தெச்சதைத் தெருவுல போறவங்களா சொல்லணும்? இந்த வீட்டுல எனக்குப் பேச ஆளே இல்லை. உங்க தம்பி தறிகிட்டதான் பேசுவாரு."

கண்ணாயிரம் தறியின் மேல் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான்.

அன்றைக்கே வெள்ளைப் பட்டையைப் பிரித்து மறுபக்கத்து ஓரத்தில் வைத்துத் தைத்தாள். போர்வையைத் தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டதும் கிருஷ்ணவேணி தலையணையிலிருந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு லோகாம்பாள் வந்து கால்மாட்டில் நின்றாள்.

"இன்னா கமலா, போர்வையை மாத்திப் போட்டுட்டியே. யானையெல்லாம் தலைகீழா நிக்குது."

கமலவேணி பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அது எனக்குத் தெச்சது. உனக்கு நேராத் தெரியணும்னா இப்படி வந்து படு."

லோகாம்பாள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கமலவேணி மெஷினில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கமலா."

"இன்னா அண்ணி?"

"அந்த மூலையில மாட்டுவண்டிக்கு ஒரு சக்கரம் தையலுக்குள்ள போயிடுச்சு. ஒத்தைச் சக்கரத்துல வண்டி எப்படிடி ஓடும்? ஊரான் துணியா இருந்தா இப்படித் தெப்பியா?"

 கமலவேணி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அந்த மூலையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"பாத்துப் பிரி. துணி கிழியப்போவுது."

"சரி அண்ணி" என்றாள் கமலவேணி. தையல் கற்ற நாளிலிருந்து எத்தனையோ பிரித்திருக்கிறாள். இத்தனை சந்தோஷமாக எதையும் பிரித்ததில்லை.